பெரிய பெட்டியும் மூன்று கண்ணாடிகளும்

வாசற்கதவைக் கழற்றி, நிலையின் ஒரு பக்கத்தையும் பெயர்த்த பிறகுதான் அந்த டிவி வீட்டுக்குள் நுழைந்தது. ஆறு பேர் தூக்கினார்கள். வீட்டுக்காரரான மூக்குக்கண்ணாடிக்கடைக்காரர் அவர்களுக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்து, "பாத்து, பாத்து, உள்ள கண்ணாடி இருக்கு" என்று கத்திக்கொண்டே வந்தார். கல்யாணமான புதிதில் மனைவியைக்கூட அவர் இந்த மரியாதையோடு வீட்டுக்குள் அழைத்து வரவில்லை. அவள் அதைக் கவனித்தாள்.

டிவி என்றால் சுவரில் ஆணியடித்து மாட்டுகிற சமாச்சாரம் இல்லை. பீரோவைப் படுக்கப் போட்ட மாதிரி ஒரு பெட்டி. அதன் வயிற்றுக்குள் ஒரு விளக்கு, ஒரு பெரிய கண்ணாடி. விளக்கு படத்தைக் கண்ணாடியில் அடிக்கும், கண்ணாடி அதைப் பின்பக்கமாக இருந்து திரையில் போடும். ரியர் புரொஜெக்‌ஷன் என்று பெயராம். அதிலும் ஹை டெஃபினிஷன். இந்த இரண்டு பெயரையும் அவர் பால் போடுகிறவரிடம் சொன்னார், கேஸ் கொண்டுவருகிறவரிடம் சொன்னார், கண் பரிசோதனைக்கு வந்து மோவாயை மெஷினில் வைத்துக்கொண்டு அசைய முடியாமல் இருந்தவர்களிடமெல்லாம் சொன்னார். பாவம், அவர்கள் எங்கே ஓடுவார்கள்?

பெட்டிக்கு இடம் வேண்டுமே. ஜன்னலோரம் இருந்த அவளுடைய தையல் மெஷின் பின்கட்டுக்குப் போனது. சாப்பாட்டு மேஜை சமையலறைக்குள் போய், சமையலறைக்குள் இருந்த அவள் பாதி வெளியே வந்தாள். பிறகு அவர் கடையிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்துவந்து, பெட்டியோடு வந்த புத்தகத்தை மடியில் விரித்து, ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை அளந்தார். திரையின் நடுவும் பார்க்கிறவரின் கண்ணும் ஒரே கோட்டில் இருக்கவேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருந்ததாம். கோடு போய் விழுந்த இடத்தில் தன்னுடைய சாய்வு நாற்காலியைப் போட்டார். அது நகர்ந்துவிடக் கூடாதே என்று தரையில் துளை போட்டு நாலு காலையும் ஸ்க்ரூ வைத்து முடுக்கினார்.

மற்றவர்களுக்குப் புத்தகத்தில் ஒன்றும் போடவில்லை போலிருக்கிறது. சோபா பக்கச் சுவரோரம் ஒதுங்கியது. அவளுக்கு வாய்த்தது சமையலறை வாசலில் ஒரு முக்காலி. குக்கர் சத்தமும் கேட்கும், படமும் தெரியும் என்றார் அவர்.

படம்தான் தெரியவில்லை.

மூன்றாவது வாரமோ நாலாவது வாரமோ, அவள் பொறுக்க மாட்டாமல் கேட்டாள். "ஏங்க, படம் ஏன் இப்படி இருட்டா இருக்கு? யாரு பேசுறாங்கன்னே தெரியல."

"இருட்டா?" அவர் நாற்காலியிலிருந்து திரும்பவே இல்லை. "புல்லு ஒவ்வொண்ணும் தனித்தனியா தெரியுது. அந்த ஆளு நெத்தியில வேர்வை எத்தனை சொட்டுன்னு எண்ணிச் சொல்லவா?"

"எனக்கு நெத்தியே தெரியலங்க."

அப்போதுதான் அவர் திரும்பினார். முகத்தில் கோபம் இல்லை. இரக்கம் இருந்தது. கடைக்கு வருகிறவர்களிடம் 'பவர் ஏறியிருக்கு' என்று சொல்வதற்கு முன்னால் காட்டுகிற அதே இரக்கம்.

மறுநாள் கடையில் உட்காரவைத்து எழுத்துப் பலகையைக் காட்டினார். அவள் கடைசி வரி வரைக்கும் மடமடவென்று படித்தாள்.

"இதெல்லாம் செல்லாது," என்றார். "வாரா வாரம் நீதானே இந்தப் பலகையைத் தொடச்சு வைக்கிற. மனப்பாடம் பண்ணி வெச்சிருக்க."

பலகையை நம்பாத மனிதர் டிவியை நம்பினார். அவருக்கு டிவிதான் இனிமேல் பலகை. முக்காலியில் உட்காரவைத்து, "கீழ ஓடுற செய்தியைப் படி" என்பார். அவள் கண்ணை இடுக்குவாள். மூலையில் ஏதோ சாம்பல் நிறத்தில் நெளியும். "ம்ஹூம்" என்பாள். அவர் உச்சுக் கொட்டுவார். இப்படியாக முதல் கண்ணாடி வந்தது. அதைப் போட்டும் படம் வெளுக்கவில்லை. ஆறு மாதத்தில் இரண்டாவது வந்தது. அடுத்த வருஷம் மூன்றாவது. அது சோடா பாட்டிலின் அடிப்பாகம் மாதிரி இருந்தது. போட்டுக்கொண்டு நாலடி நடந்தால் தரை எழும்பி எழும்பி வந்தது. தலைவலி மாத்திரை போட்டுவைப்பதற்குத் தனியாக ஒரு டப்பா வைத்தாள்.

"தங்கச்சி வீட்டு டிவி நல்லாத் தெரியுதேங்க," என்று ஒருநாள் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள்.

"அது பழைய டிவி. முகத்துல டார்ச் அடிக்கிற மாதிரி அடிக்கும், யாருக்கும் தெரியும். நல்ல படம் பாக்கத்தான் நல்ல கண்ணு வேணும்."

கண்ணைப் பற்றிச் சொல்கிறவர் கண்ணாடிக்கடைக்காரர். இருபத்தாறு வருஷமாக ஊருக்கே பார்வை கொடுக்கிறவர். தெருவில் பாதிப் பேர் அவரை டாக்டர் என்றே கூப்பிடுகிறார்கள். அவரும் ஒருநாளும் திருத்தியதில்லை. சரி, அவர் இல்லாத நேரத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். பெட்டிக்குள் இருக்கிற பல்ப் இத்தனை மணி நேரம்தான் எரியும் என்று கணக்கு உண்டாம். அதனால் கடைக்குப் போகும்போது ரிமோட்டும் அவரோடு கடைக்குப் போகும். அவர் வந்தால் டிவி எரியும்; டிவி எரிந்தால் நாற்காலியில் அவர் இருப்பார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவள் வேலையே கண்ணை வைத்துத்தான். ஏற்றுமதிச் சட்டை தைக்கிற கம்பெனியில் கடைசி மேஜையில் பத்தொன்பது வருஷமாக செக்கர். தைத்து முடித்த சட்டை அவள் கைக்கு வரும். காலர், கை, பாக்கெட், ஓரம் என்று ஒரு புரட்டுப் புரட்டுவாள். ஒரு தையல் விட்டிருந்தாலும், ஒரு நூல் நீண்டிருந்தாலும், அந்த இடத்தில் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டித் திருப்பி அனுப்புவாள். அவள் கையைத் தாண்டிப் போன சட்டை ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. லைனில் தைக்கிற பெண்கள் அவளுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் கழுகம்மா.

கழுகம்மா வேலைக்குப் போனதும் அந்தத் தடிக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிடுவாள். போட்டால் தையல் நீந்தும். கழற்றினால் ஒவ்வொரு இழையும் தெரியும். இதையும் கணவரிடம் சொன்னாள்.

"கிட்டத்துப் பார்வை கடைசியாத்தான் போகும்," என்றார் அவர். "உனக்கு வெளிச்சத்தை வாங்குற சக்தி குறைஞ்சுக்கிட்டே வருது. இப்ப டிவி. அப்புறம் ரோடு. அப்புறம்..." அவர் முடிக்கவில்லை. அதுதான் அவளைக் கொன்றது.

முதலில் அவள் ஸ்கூட்டர் ஓட்டுவதை நிறுத்தினார். சாயங்காலம் ஓட்டக் கூடாது என்றார், பிறகு காலையிலும் கூடாது என்றார். அவள் பஸ்ஸில் போனாள். வெளியே சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, வீட்டில் யாரும் இல்லாதபோது கண்ணை மூடி, சுவரைத் தடவித் தடவி ஸ்விட்சைக் கண்டுபிடித்துப் பழகினாள். உப்பு டப்பாவையும் சர்க்கரை டப்பாவையும் முகர்ந்தும் குலுக்கியும் பார்த்துவைத்தாள். பயம் என்றால் அப்படி ஒரு பயம். ஊசிக்கண்ணில் ஒரே முயற்சியில் நூல் கோர்க்கிற பெண், குருடியாவதற்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் வேலையிலும் கை வைத்தார். "கண்ணுக்கு ஓய்வு குடுத்தாத்தான் இருக்கிறதாவது நிக்கும். வேலையை விட்டுடு."

அவள் இரண்டு மாதம் தள்ளிப்போட்டாள். அழுது பார்த்தாள். வேறு கண் டாக்டரிடம் காட்டலாமா என்று கேட்டதற்கு, "என்மேல நம்பிக்கை இல்லன்னு ஊருக்கே சொல்லப்போறியா?" என்றார். கடைசியில் அவரே உட்கார்ந்து ராஜினாமாக் கடிதம் எழுதினார். நல்ல கையெழுத்து. 'பார்வைக் குறைபாடு காரணமாக' என்கிற இடத்தில் அழுத்தி எழுதியிருந்தார். திங்கட்கிழமை காலையில் மேனேஜரிடம் கொடுப்பது என்று முடிவானது. அவள் கையெழுத்துப் போட்டு, மடித்து, கைப்பையில் ஸ்டிக்கர் அட்டைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஃபுட்பால் இறுதிப்போட்டி. பெட்டி வந்ததிலிருந்து அவர் காத்திருந்தது இந்த மாதிரி ஒரு நாளுக்குத்தான். முழுக்க ஹை டெஃபினிஷனில் வருகிறதாம். சகலையைக் கூப்பிட்டார், அதாவது அவளுடைய தங்கையின் கணவர், பஸ் டிரைவர். தங்கையும் வந்தாள். கணவரின் தங்கை, அதாவது நாத்தனார், வந்தாள். மாடிவீட்டு டீச்சரம்மா தானாகவே வந்தார், கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டோடு.

அவர் திரைச்சீலைகளை இழுத்து மூடினார். பெட்டி முனகி, முக்கி, ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு எரிந்தது. அவர் நடு நாற்காலியில் சாய்ந்தார். "இப்பப் பாருங்க," என்றார்.

எல்லோரும் பார்த்தார்கள். சுவரோர சோபாவில் மூன்று பேர், தரையில் காலை நீட்டிக்கொண்டு நாத்தனார், முக்காலியில் அவள். எல்லோரும் தலையாட்டிவைத்தார்கள். ஓசிக்குப் பார்க்கிறவர்களுக்கு இருக்கிற மரியாதை.

பத்து நிமிஷம் கழித்து டிரைவர்தான் ஆரம்பித்தார். "சகலை, அங்க மழையா?"

"எங்க மழை? வெயில் அடிக்குது."

"இல்ல, மேகமூட்டமா இருக்கிற மாதிரி..."

"அண்ணே, எந்த டீம் எந்தக் கலர்?" என்றாள் நாத்தனார். "எனக்கு ரெண்டும் ஒரே கறுப்பாத் தெரியுது."

அந்த நேரம் பார்த்து ஒருவன் பந்தோடு பாய்ந்தான். கூட்டம் இரைந்தது. டிரைவரும் தங்கையும் துள்ளி எழுந்தார்கள். எழுந்ததுதான் தாமதம், அவர்கள் கண்ணுக்கு இருந்த கொஞ்சநஞ்சப் படமும் அணைந்தது. உட்கார்ந்தால் மங்கல், நின்றால் கும்மிருட்டு. "கோல்!" என்று நாற்காலியில் சாய்ந்தபடி அவர் மட்டும் கத்தினார். மற்றவர்கள் யார் போட்டது, யாருக்கு விழுந்தது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஸ்கோர் எவ்வளவுன்னு படிங்க, பாப்போம்," என்றார் கண்ணாடிக்கடைக்காரர், ரொம்ப மெதுவாக, சகலையைப் பார்த்து.

டிரைவர் கண்ணை இடுக்கினார். கழுத்தை நீட்டினார். "ஏதோ... போட்டிருக்கு."

வந்துவிட்டது அந்த இரக்கம். முக்காலியில் இருந்தவளுக்கு அந்த முகம் தெரியும். "எத்தனை வருஷமா பஸ் ஓட்டுறீங்க?" என்றார் அவர். "நாப்பது அம்பது உசுரை ஏத்திக்கிட்டுப் போறீங்களே!"

டிரைவரின் முகம் செத்துப்போனது. அடுத்து கண்ணாடிக்கடைக்காரர் டீச்சரம்மாவைப் படிக்கச் சொன்னார், முடியவில்லை. நாத்தனாரை, தன் கொழுந்தியாளை, வரிசையாகப் படிக்கச் சொன்னார். ஒருவருக்கும் முடியவில்லை. நாலு பேர், நாலு ஜோடிக் கண், நாலுமே போச்சு. வேறு யாராவது என்றால் இந்த இடத்திலாவது பெட்டியைச் சந்தேகப்பட்டிருப்பார்கள். அவர் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார்.

"பிரேக் விட்டாச்சு. கால் மணி நேரம் இருக்கு. நான் கடைக்குப் போய் லென்ஸ் பெட்டியை எடுத்துட்டு வர்றேன். எல்லாருக்கும் பாத்துடலாம். நல்லவேளை, இப்பவாவது தெரிஞ்சுது." வாசலில் நின்று திரும்பினார். "நாற்காலியை யாரும் தொடாதீங்க."

முதல்முறையாக, அவர் இல்லாமல் பெட்டி எரிந்துகொண்டிருந்தது.

அவள் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு, டீ டம்ளர்களைப் பொறுக்க எழுந்தாள். அவருடைய டம்ளர் நாற்காலிக்கு அடியில் இருந்தது. குனிந்து எடுக்கும்போது தலைமேல் ஏற்றியிருந்த கண்ணாடி நழுவி விழுந்தது. அதையும் எடுக்க, பிடிமானத்துக்கு நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள். நிமிர்ந்தாள்.

ஐயோ, என்ன வெளிச்சம்! பச்சை என்றால் பச்சை, கண்ணில் ஒட்டிக்கொள்கிற பச்சை. கோல் போட்டவனின் முகத்தைப் பெரிதாக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் தாடையில் சவரக் கத்தி கீறிய கோடு தெரிந்தது. கழுத்தில் வேர்வை ஓடியது. காலரின் இடது பக்கம், நுனியிலிருந்து இரண்டு விரல் தள்ளி...

"தையல் விட்டிருக்கு," என்றாள்.

"என்னக்கா?" என்றாள் தங்கை.

"அவன் காலர்ல ஒரு தையல் விட்டிருக்குடி. நூல் வேற தொங்குது. எவடி செக் பண்ணா இதை?"

சொல்லிவிட்டு, கையில் இருந்த தடிக் கண்ணாடியைப் பார்த்தாள். முகத்தில் கண்ணாடியே இல்லை. சந்தோஷம்தான் முதலில் வந்தது, அழுகை மாதிரி. கண் போகவில்லை. எங்கேயும் போகவில்லை. பத்திரமாக இருக்கிறது. அதன் பின்னாலேயே கோபம் வந்தது. ஸ்விட்சைத் தடவிய கை, குலுக்கிப் பார்த்த உப்பு டப்பா, பின்கட்டில் தூசி படிந்த மெஷின், ஓட்டாமல் நிறுத்திப்போட்ட ஸ்கூட்டர் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து நின்றன. இரண்டு வருஷம்! ஒரே ஒரு நாள், ஒரே ஒரு நிமிஷம், அந்த மனுஷன் எழுந்து வந்து இந்த முக்காலியில் உட்கார்ந்து பார்த்திருந்தால்!

"இங்க வாடி. உக்காரு," என்று தங்கையை இழுத்தாள்.

தங்கை உட்கார்ந்தாள். வாயைப் பிளந்தாள். பிறகு நாத்தனார் உட்கார்ந்தாள். "அடப்பாவி அண்ணா!" என்றாள். டிரைவர் உட்கார்ந்து ஸ்கோரைச் சத்தமாகப் படித்தார், விளம்பரத்தைப் படித்தார், விளம்பரத்துக்கு அடியில் பொடி எழுத்தில் இருந்ததையும் படித்தார். அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. டீச்சரம்மா உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். "எந்திரிச்சா போயிடுது, உக்காந்தா வருது. பக்கத்துல நகர்ந்தாலும் போயிடுது. இது ஒரே ஒரு ஆளுக்குச் செஞ்ச டிவிங்க," என்றார்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. எல்லோரும் அவரவர் இடத்துக்குப் போனார்கள். அவள் மட்டும் போகவில்லை. நடு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

அவர் லென்ஸ் பெட்டியும் கையுமாக வந்து நின்றார். "என்ன இது? எந்திரி. ஆரம்பிக்கப் போகுது."

"நீங்க அங்க உக்காருங்க," என்று முக்காலியைக் காட்டினாள்.

"விளையாடாத. எந்திரின்னா!"

"உக்காருங்க சகலை," என்றார் டிரைவர் சோபாவிலிருந்து. "அங்கதான் இடம் இருக்கு. குக்கர் சத்தமும் கேக்கும்."

நாத்தனார் களுக்கென்று சிரித்தாள். விசில் ஊதிவிட்டார்கள். விளையாட்டு போய்விடுமே என்கிற அவசரத்தில் அவர் முக்காலியில் உட்கார்ந்தார். திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். மறுபடி பார்த்தார்.

"யாரு பிரைட்னஸைக் குறைச்சது?"

"யாரும் தொடல," என்றாள் அவள். "ரிமோட் உங்க பாக்கெட்லதானே இருக்கு. ஸ்கோர் எவ்வளவு? படிங்க, பாப்போம்."

அவர் கண்ணை இடுக்கினார். கழுத்தை நீட்டினார். அறையில் எல்லோரும் மூச்சுவிடாமல் அவரையே பார்த்தார்கள். இந்த நிமிஷத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். 'பெட்டியில கோளாறு' என்று சொல்லியிருக்கலாம். 'தப்பு பண்ணிட்டேம்மா' என்றால், அவள் இரக்கப்பட்டுக்கூட இருப்பாள். இருபத்தாறு வருஷம் குடித்தனம் பண்ணியவள்தானே.

அவர் பெட்டியைப் பார்த்தார், தரையில் முடுக்கிய ஸ்க்ரூக்களைப் பார்த்தார், பெயர்த்துப் பூசிய நிலையைப் பார்த்தார். லென்ஸ் பெட்டியை மடியில் வைத்துத் திறந்தார்.

"எனக்கும் பவர் ஏறிடுச்சு போல," என்றார், தாழ்ந்த குரலில்.

சோபாவில் இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. தங்கையிடம் சொல்லிக் கைப்பையை வாங்கி, மடித்த கடிதத்தை வெளியே எடுத்தாள். ஸ்டிக்கர் அட்டையிலிருந்து ஒரு சிவப்பு அம்பை உரித்து, 'பார்வைக் குறைபாடு' என்று அழுத்தி எழுதியிருந்த இடத்துக்கு நேராக ஒட்டினாள். எழுந்து போகக்கூட இல்லை; நாத்தனார் கையில் கொடுத்து அவரிடம் தரச் சொன்னாள்.

"நாளைக்கு நான் ஸ்கூட்டர்ல வேலைக்குப் போறேன்," என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீங்க கடையை மூடிடுங்க. லெட்டர் தயாரா இருக்கு. பேரை மட்டும் மாத்துங்க, காரணம் அப்படியே இருக்கட்டும்."